மண்வெட்டி உறங்குமிடம்

விளையாட்டில் என் பெயர் மண்வெட்டி.
நான் பதிவு செய்த அன்று
நல்ல பெயரெல்லாம் போயிருந்தது.

சண்டை எனக்கு வராது.
முதல் காட்டுப் பன்றியிடமே
இரண்டு முறை செத்திருக்கிறேன்.
நடக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.
வரைபடத்தில் கறுப்பாய்க் கிடக்கும் மூலையில்
கால் வைத்ததும்
பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறுவதுபோல்
மெல்ல மெல்ல நிலம் தெரியவரும் பாருங்கள்,
அதற்காகத்தான் மாதாமாதம் நெட் கார்டு.

பகலில் மின்வாரியத்தில் ஒப்பந்தக் கூலி.
கடலூரை எனக்குக் கம்பங்களாகத்தான் தெரியும்.
கம்மியம்பேட்டை என்றால் அந்தச் சாய்ந்த ஏழாம் நம்பர்.
தாழங்குடா என்றால்
உப்புக்காற்றில் இழுகம்பி துருவேறி
வருடம் ஒருமுறை அறுந்துபோகும் கடைசிப் போஸ்ட்.
கோண்டூர் டிரான்ஸ்பார்மரில் ஒரு அணில் குடும்பம்.
அதில் ஒன்று கால் தவறினால்
நூற்று நாற்பது வீடு இருட்டு.

புயல் வருகிறது,
விடியற்காலை வந்துவிடு என்று சொல்லியிருந்தார்கள்.
தூக்கம் வரவில்லை.
அன்றைக்குத்தான் சாம்பல் ஆற்றைத் தாண்டினேன்.
யாரும் போகாத கிழக்கு.
உப்புப் பூத்த மரங்கள்.
நடுவில், பாதி மண்ணில் புதைந்து
வீடு உயரத்துக்கு ஒரு மணி.
அடித்துப் பார்க்கலாமென்று கையை ஓங்கினேன்.
கரண்ட் போனது.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு.
சத்திரத்தில் படுக்காமல் வெளியேறினால்
உடம்பு விட்ட இடத்திலேயே கிடக்கும்.
யாரும் வந்து பையை அவிழ்க்கலாம்.
ஓநாய் இழுத்துப் போகலாம்.

காலையில் ஊர் இருந்தது,
அடையாளங்களைத்தான் காணோம்.
"விழுந்த தூங்குமூஞ்சி மரத்துக்கு எதிர்வீடு சார்"
என்றார்கள் புகார் சொன்னவர்கள்.
எல்லா வீட்டுக்கு எதிரிலும்
விழுந்த தூங்குமூஞ்சி மரம்.

பதினோரு நாள்.
தேனியிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் லாரியில் வந்த ஆட்களுக்கு
நான்தான் வழி காட்டினேன்,
இல்லாத கம்பத்திலிருந்து இல்லாத கம்பத்துக்கு.
பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்தபோது
"என் உடம்பு அங்கே கிடக்குதுண்ணே" என்றேன்
போர்மேன் தீர்த்தகிரியிடம்.
நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.
பிறகு தன் போர்வையை என்மேல் போட்டுவிட்டு
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டிப்பாளையத்தில் தெருவிளக்கு எரிந்ததும்
வாசலில் நின்ற ஒருத்தி ஒரேயொரு முறை கைதட்டினாள்.
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.
அப்புறம் மிக்சி ஓடும் சத்தம்,
வெகுநேரம்.

எங்கள் தெருவுக்குக் கடைசியில்தான் வந்தது.
நானே ஏறி பீஸ் கேரியரைச் செருகினேன்.
குளிக்கவில்லை. கணினிமுன் உட்கார்ந்தேன்.

பை அப்படியே இருந்தது.
என்னைச் சுற்றிக் கற்களால் ஒரு வட்டம்.
பக்கத்தில் நெருப்பு.
அங்கே ஒரு நெருப்பின் ஆயுள் மூன்று மணிநேரம்.
கணக்குப் போட்டேன்:
எண்பத்தெட்டு முறை
யாரோ விறகு வைத்திருக்கிறார்கள்.

வரைபடத்தைத் திறந்தால்
கிழக்கோரம் கறுப்பு விலகி, சின்ன எழுத்தில்,
மண்வெட்டி உறங்குமிடம்.
அவ்வளவு பெரிய மணிக்கு
யாரும் பெயர் வைக்கவில்லை.

கல்மேல் உட்கார்ந்திருந்தது
அரைநெல்லி என்று ஒரு பெயர்.
ஆணா பெண்ணா தெரியாது.
"செத்துட்டியோன்னு நெனச்சோம்."

பதினோரு நாளையும் தட்டத் தொடங்கினேன்.
அழித்தேன்.
"கரண்ட் இல்ல."

"இத்தன நாளா? எந்த ஊரு அது?"

விரல் கொஞ்சநேரம் விசைமேலேயே இருந்தது.
"கிழக்கோரம்" என்றேன்.
"மணிய அடிச்சிப் பாத்தீங்களா?"

"எப்படி அடிப்போம்?
நீ கைய ஓங்கிக்கிட்டே தூங்கிட்ட.
ஒனக்காகத்தான் எல்லாரும் விட்டு வச்சிருக்கோம்."

அடித்தேன்.
உப்பு மரங்களிலிருந்து வெள்ளையாய்ப் பொலபொலவென்று கொட்டியது.
என் ஸ்பீக்கருக்குள் மழைத்தண்ணி.
ஒன்றும் கேட்கவில்லை.

"யப்பா, என்னா சத்தம்"
என்று எழுதியது அரைநெல்லி.